செலிக் கைதட்டினாரா, இல்லையா? (756 பஞ்சாயத்து)

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் புகழ் மண்டபம்) திரியில் தராசு நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "பேரி பாண்ட்ஸ் 756-வது ஹோம் ரன் அடித்த அன்று பேஸ்பால் கமிஷனர் பட் செலிக் மைதானத்துக்கு வராமல் இருந்ததுதான் அவர் பதவிக்காலத்திலேயே கண்ணியமான காரியம்." இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அங்கேயே எழுதினால் திரியைத் திசை திருப்புகிறேன் என்று ஒப்பாரி வைப்பார்கள். அதனால் தனித் திரி.

கண்ணியமாம்! ஊக்கமருந்து சந்தேகத்தில் இருந்த பாண்ட்ஸ் 756 அடித்து ஹோம் ரன் வாழ்நாள் சாதனையை உடைத்தது 2007 ஆகஸ்ட் 7. அதற்கு மூன்று நாள் முன்னால், ஆகஸ்ட் 4 அன்று, சான் டியகோவில் பாண்ட்ஸ் 755 அடித்து ஹேங்க் ஆரனின் பழைய சாதனையைத் தொட்டபோது இதே செலிக் அங்கேதான் இருந்தார். எழுந்து நின்றார். கை இரண்டும் பேன்ட் பாக்கெட்டில். தட்டவில்லை. வந்தது சரியென்றால் தட்ட வேண்டும், தப்பென்றால் வந்திருக்கவே கூடாது. கல்யாண வீடு வரைக்கும் வந்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிற பெரியப்பா வேலை இது. இதில் கண்ணியம் எங்கே இருக்கிறது என்று தராசு விளக்கட்டும்.

தராசு:
நான் பேசியது 756 பற்றி. நீங்கள் பாய்வது 755 மேல். சரி, போகட்டும்.

கமிஷனர் நேரில் வந்து கை குலுக்கினால் அந்தச் சாதனைக்கு லீக் முத்திரை குத்திவிட்டது என்று அர்த்தம். ஊக்கமருந்து விற்ற பால்கோ நிறுவனத்தின் வழக்கில் பாண்ட்ஸ் 2003-லேயே கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சி சொன்னவர். ஸ்டீராய்டு விவகாரத்தை விசாரிக்க ஜார்ஜ் மிட்செலை 2006-ல் நியமித்ததே செலிக்தான். விசாரணை முடியாமல் நடுவில் நிற்கும்போது அவர் போய் மாலை போட முடியுமா? 756 அன்று அவர் மிட்செலைச் சந்திக்கத்தான் போயிருந்தார். தனக்குப் பதிலாக ஃபிராங்க் ராபின்சனையும் ஜிம்மி லீ சாலமனையும் அனுப்பினார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
கை பாக்கெட்டில் இருந்ததா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேற்குக்கரை:
பாண்ட்ஸ் அடித்தால் மட்டும் எல்லோருக்கும் ஒழுக்கம் ஞாபகம் வந்துவிடுகிறது. 1998 செப்டம்பர் 8, செயின்ட் லூயிஸ். மார்க் மெக்வயர் ஒரே சீசனில் 62-வது ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்த அன்று செலிக் எங்கே இருந்தார்? முன்வரிசையில்! அன்று இரவே கமிஷனர் விருதும் கொடுத்தார். மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற தசை வளர்க்கும் மருந்துப் பாட்டில் இருந்தது என்று அதற்கு முந்தைய மாதமே பத்திரிகையில் வந்தாகிவிட்டது. அப்போது மட்டும் செலிக் ஐயாவின் கை பாக்கெட்டுக்குள் போகவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

தராசு:
ஆண்ட்ரோ அன்று லீக்கில் தடை செய்யப்பட்ட பொருளே கிடையாது. மெக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டது 2010-ல். 1998-ல் செலிக் ஜோசியம் பார்த்திருக்க வேண்டுமா?

மேற்குக்கரை:
பாண்ட்ஸுக்கு மட்டும் 2007-ல் ஜோசியம் பார்த்தாரே! ஸ்டீராய்டுக்காக லீக் அவர்மேல் ஒரு நாள் தடைகூடப் போட்டதில்லை. குற்றப்பத்திரிகை வந்ததே 756-க்கு மூன்று மாதம் கழித்து, நவம்பரில். அதுவும் பொய்சாட்சி, நீதிக்கு இடையூறு என்றுதான், ஊசி போட்டதற்கு அல்ல. 2011-ல் ஒரே ஒரு பிரிவில் தண்டித்தார்கள், 2015-ல் மேல்முறையீட்டில் அதையும் தூக்கி எறிந்தார்கள். இதைச் சொன்னால் முட்டுக்கொடுக்கிறேன் என்பீர்கள்.

பழைய பந்து:
தம்பிகளா, கமிஷனர் வராத கதை 2007-ல் ஆரம்பித்ததா என்ன? 1974-க்கு வாருங்கள்.

ஏப்ரல் 4, சின்சினாட்டி. ஆரன் 714 அடித்து பேப் ரூத்தின் வாழ்நாள் சாதனையைத் தொட்டார். கமிஷனர் போவி கூன் அங்கே இருந்தார். சொந்த ஊரில் ஆரன் சாதனையை முறியடிக்கட்டும் என்று அவருடைய அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை உட்கார வைக்கப் பார்த்தது. கூடாது, மூன்று ஆட்டத்தில் இரண்டிலாவது ஆட வேண்டும் என்று கட்டளை போட்டவரும் கூன்தான். அவ்வளவு அக்கறை! ஏப்ரல் 8, அட்லாண்டா. அல் டவுனிங் பந்தில் 715. கமிஷனர் எங்கே? கிளீவ்லாந்தில் ஒரு ரசிகர் மன்ற விருந்தில் பேசிக்கொண்டிருந்தார். தன் சார்பில் மாண்டி இர்வினை அனுப்பியிருந்தார். பாவம் அந்த மனுஷன், கூன் பெயரைச் சொன்னதுமே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் கூச்சல் போட்டு அடக்கிவிட்டது. கறுப்பர் ஒருவர் ரூத்தைத் தாண்டுகிறார் என்று கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்த காலம் அது. ஆரன்மேல் எந்தக் கறையும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கே கமிஷனர் வரவில்லை.

ஆக, வராமல் இருப்பதைக் கண்ணியம் என்று தராசு சொன்னால், கூன் செய்ததும் கண்ணியமா?

தராசு:
இரண்டும் ஒன்றா ஐயா? கூனுக்கு வராததற்கு ஒரு காரணமும் இல்லை. செலிக்குக் காரணம் இருந்தது. ஆரனே 2007-ல் பாண்ட்ஸ் ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சாதனைக்குச் சொந்தக்காரரே வராத இடத்தில் கமிஷனர் ஏன் வரவேண்டும்?

மேற்குக்கரை:
ஆரன் வரவில்லை, ஆனால் பெரிய திரையில் அவர் வாழ்த்து ஓடியது. ஐந்தாவது இன்னிங்ஸ், மைக் பாக்சிக் போட்ட பந்து வெளியே போனது, பாண்ட்ஸ் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார், பழைய ஜாம்பவான் வில்லி மேய்ஸ் மைதானத்துக்குள் வந்து பக்கத்தில் நின்றார், அப்புறம் திரையில் ஆரன் முகம். யாருடைய சாதனை உடைந்ததோ அவரே வாழ்த்திவிட்டார். சம்பளம் வாங்குகிற அதிகாரிக்கு என்ன வந்தது?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
எல்லாரும் சுற்றிச் சுற்றி ஓடுகிறீர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் 4. சான் டியகோ. பாக்கெட். கை. வாயால் அறிக்கை விட்டார், குறிப்பிடத்தக்க சாதனை என்றெல்லாம் அதில் இருந்தது. அறிக்கையில் பாராட்டத் தெரிந்தவருக்குக் கையை வெளியே எடுக்கத் தெரியவில்லையா? தராசு இதுவரை இதற்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தராசு:
கேமரா காட்டியது சில நொடிதான். அதற்கு முன்னும் பின்னும் கை எங்கே இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
ஆஹா, இப்போது கேமராமேன் மேல் பழி. அடுத்து பேன்ட் தைத்த டெய்லர்மேல் போடுவீர்கள்.

சும்மா வாசகன்:
ஒரு சந்தேகம். ரோஜர் மாரிஸ் 1961-ல் 61 அடித்து ரூத்தின் ஒரு சீசன் சாதனையை உடைத்தபோது கமிஷனர் பதிவேட்டில் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டாரே, அது இந்த மாதிரிதானே?

பழைய பந்து:
நட்சத்திரக் குறி போடவே இல்லை. இதை இந்தக் களத்தில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் சொன்னது, ரூத் 154 ஆட்ட சீசனில் 60 அடித்தவர், புது 162 ஆட்ட சீசனில் யாராவது 154-க்கு மேல் போய்த் தாண்டினால் தனியாகப் பதிய வேண்டும் என்று. அவ்வளவுதான். அந்த ஃப்ரிக் ஒருகாலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அந்தத் தனிப்பதிவையும் 1991-ல் எடுத்துவிட்டார்கள்.

மேற்குக்கரை:
தனிப்பதிவு போட்டால் என்ன, நட்சத்திரம் போட்டால் என்ன, அவமானம் ஒன்றுதானே. பழைய பந்து ஐயா எப்போதும் இப்படித்தான், ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுப்பார். போன வருடம் டெட் பால் காலத் திரியிலும் இதே கதை.

பழைய பந்து:
டெட் பால் திரியில் நீங்கள் ஆண்டைத் தப்பாகப் போட்டதைத் திருத்தினேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. தெரியாமல் எழுதுவது, சொன்னால் மூக்குக்குமேல் கோபம்.

மேற்குக்கரை:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன்!

தராசு:
கேட்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதிகாரி என்பவர் ரசிகர் அல்ல. அவர் எங்கே நிற்கிறார் என்பதே ஒரு தீர்ப்பு.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். நிற்கிற இடம் தீர்ப்பு என்றால் 755-ல் நின்றது என்ன தீர்ப்பு? கால் "ஆமாம்" என்கிறது, கை "இல்லை" என்கிறது. 1992-லிருந்து பேஸ்பாலை நடத்தியவர் செலிக். ஊக்கமருந்துச் சோதனையே இல்லாத காலத்தில் ஹோம் ரன் மழையில் டிக்கெட் விற்றபோது அந்தக் கை வெளியேதான் இருந்தது. தண்டனையோடு கூடிய சோதனை வந்தது 2004-ல். அதற்குள் ஒரே சீசனில் மெக்வயர் 70, பாண்ட்ஸ் 73 என்று அடித்தாகிவிட்டது. பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல். கடைசியில் 2017-ல் செலிக் ஹால் ஆஃப் ஃபேமுக்குள். பாண்ட்ஸ் 2022-ல் பத்திரிகையாளர்கள் ஓட்டுக்குக் கடைசித் தடவை வந்து 66 சதவீதத்தோடு வெளியே.

தராசு:
ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் சம்மதிக்காமல் சோதனை கொண்டுவர முடியாது என்பது தெரிந்தும் தெரியாதது போல் எழுதுகிறீர்கள். ஹால் ஆஃப் ஃபேம் பற்றி அங்கே வந்து பேசுங்கள். அங்கே பதில் சொல்ல முடியாமல்தான் இங்கே தனிக்கடை போட்டீர்கள்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
அங்கே உங்கள் ஆட்கள் மூன்று பேர் ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தால் நான் எங்கே பேசுவது?

சும்மா வாசகன்:
756 பந்தை ஏலத்தில் எடுத்து நட்சத்திரக் குறி பொறித்து ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுத்தார்கள் என்று படித்தேன். அதுவாவது உண்மையா? 😊

பழைய பந்து:
அது உண்மை. துணி வடிவமைப்பாளர் மார்க் எக்கோ 7,52,467 டாலருக்கு எடுத்தார், என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார், நட்சத்திரம் ஜெயித்தது.

மேற்குக்கரை:
பார்த்தீர்களா, பாண்ட்ஸ் பந்தில் மட்டும் சூடு போடுவார்கள். மெக்வயர் பந்தில் போட்டார்களா?

தராசு:
பந்தை வாங்கியவர் இஷ்டம். லீக் போட்ட குறி அல்ல அது. குழப்பாதீர்கள்.

மேற்குக்கரை:
அந்தப் பந்தை வாங்கி வைத்துக்கொண்டது யார்? ஹால் ஆஃப் ஃபேம்தானே? அடித்தவருக்கு இடம் இல்லை, அவர் அடித்த பந்துக்கு இடம் உண்டு.

தராசு:
ஹால் ஆஃப் ஃபேம் லீக்கின் கையில் இல்லை, தனி நிறுவனம். இதுகூடத் தெரியாமல் பாண்ட்ஸுக்கு வக்காலத்து.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
கை என்றதும் ஞாபகம் வருகிறது...

தராசு:
இன்னொரு தடவை பாக்கெட் என்று எழுதினால் உங்களை ம்யூட் செய்துவிடுவேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
பாக்கெட்.