மச்சை ஆபீஸ் அறையாக்கலாமா? கையில் 35,000 ரூபாய்தான்

மச்சுவீட்டு மருமகள்:

எங்கள் வீடு மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மாமனாருடைய அப்பா காலத்து ஓட்டு வீடு. கீழே ரேழி, கூடம், அடுக்களை, ஒரே ஒரு அறை. கூடத்துக்கு மேல் பலகை பாவிய மச்சு, அதற்கு மேல் சீமை ஓடு. மச்சில் இப்போது கிடப்பது இரண்டு பித்தளை அண்டா, தொட்டில் சட்டம், கொலு பொம்மைகள், மாமியாரின் கல்யாணப் பெட்டி. 14 அடி நீளம், 10 அடி அகலம். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். ஓரத்தில் ஓடு 4 அடிக்கு இறங்கிவிடுகிறது.

நான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். இரண்டு வயதுப் பையன், டிவி, குக்கர் விசில் எல்லாம் கூடத்தில்தான். கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது பையன் மடியில் ஏறுவான். மைக்கை அணைத்து, அவனை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே கேட்ட கேள்வி போய்விடும். போன மாதம் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், உங்களுக்கு வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று.

மச்சை அறையாக்கலாம் என்று இருக்கிறேன். 35,000 சேர்த்திருக்கிறேன். முடியுமா?

திருமங்கலம் பெரியவர்:

வேண்டாம்மா. நான் மச்சு வீட்டில் பிறந்து வளர்ந்தவன். மச்சில் எதை வைத்தோம்? மிளகாய் வற்றல், புளி, பருத்தி, விதை நெல். ஈரம் ஆகாத பண்டத்தை எல்லாம் அங்கே ஏற்றினோம். பகலில் ஆள் ஏறினால் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடுவோம். உட்காருவதற்குத் திண்ணையும் ரேழியும் இருந்தன.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சுவரை விடக் கூரைதான் வெயிலை வாங்கும் ஊர் இது. அந்தக் கூரைக்கு மூன்று அடி கீழே தலையை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கணக்குப் பார்க்கப் போகிறாயா? ரேழியில் ஒரு தட்டி கட்டி உட்கார். காற்று வரும், செலவும் இல்லை.

ஒத்தக்கடை அக்கா:

ஐயா, ரேழி என்பது வழி. வழியில் உட்கார்ந்து நான் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பால்காரர் வந்தால் நான், கேஸ் வந்தால் நான், பக்கத்து வீட்டு அம்மா வந்தால் “சும்மாத்தானே உட்கார்ந்திருக்கே” என்று அரை மணி நேரம். கண்ணுக்குத் தெரிகிற பெண் வேலையில் இருக்கிறாள் என்று நம் வீடுகளில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்காரர் அதே வேலையை உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார், அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

தங்கச்சி, ஏறிவிடு. சூட்டைக் குறைக்க வழி உண்டு. தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிடாமல் இருக்கச் செய்ய ஒரு வழியும் இல்லை.

எல்லீஸ் நகர் எட்டாவது தெரு:

பழைய வீட்டில் ஏன் பணம் போடுகிறீர்கள்? ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள், மேலே இரண்டு தளம் எழுப்பி ஒன்றை வாடகைக்கு விடுங்கள். கடன் கிடைக்கும்.

கொத்தனார் மகன்:

அந்த அக்கா கேட்டது 35,000-க்குள் ஒரு அறை. அந்தப் பணம் ஓட்டைப் பிரித்து, சந்திலிருந்து மண்ணை அள்ளிப் போடும் கூலிக்கே பத்தாது. அப்புறம், மீனாட்சி அம்மன் கோயில் மதிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் போகக் கூடாது என்று 1997-ல் அரசாணை வந்தது. தெற்கு மாசி வீதி அந்த எல்லைக்குள் வருகிறது. தளத்தின் மேல் தளம் என்று பேசும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

மச்சுக்கு வருகிறேன். முடியும் என்றுதான் சொல்வேன், ஆனால் நீங்கள் நினைக்கும் வரிசையில் இல்லை. மேசை, நாற்காலி, பெயிண்ட் எல்லாம் கடைசி. முதலில் கட்டை.

ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறுங்கள். பலகையைத் தாங்கும் ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் முனையால் அழுத்திக் குத்துங்கள். நடுவில் கட்டை நன்றாகத்தான் இருக்கும், சுவரின் ஈரம் பிடித்த முனைதான் முதலில் உளுக்கும். முனை கால் அங்குலம்கூட இறங்காமல் நின்றால் நல்ல கட்டை. ரொட்டியில் குத்தியது போல இறங்கினாலோ, கீழே மாவு உதிர்ந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சுவரோரம் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். அதற்கு மருந்தடிக்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

வீட்டுத் தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு வைத்து வடிவமைப்பது வழக்கம். பழைய மச்சை யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆசாரியின் கை அனுபவம்தான். அதனால் கனமானதைக் கட்டைகள் சுவரில் உட்காரும் ஓரங்களில் வையுங்கள், நடுவில் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி 50, 60 கிலோ வரும். அது கீழேயே இருக்கட்டும், வயர் மட்டும் மேலே போகட்டும்.

கட்டை தேறிவிட்டால் பாதிப் பணம் கூரைக்கு. ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் அடியில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து, பளபளப்பான அலுமினிய ஷீட்டை ஓட்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி இழுத்துக் கட்டுங்கள். அந்த இடைவெளிதான் வேலை செய்யும். ஓட்டோடு ஒட்டி அடித்தால் பணம் வீண். கீழ் ஓரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் இடம் விட்டால் சூடான காற்று தானாக மேலே போய்விடும். ஷீட்டுக்குக் கீழே மூங்கில் தட்டியோ மெல்லிய சிமெண்ட் போர்டோ போடலாம்.

எல்லீஸ் நகர் எட்டாவது தெரு:

அரசாணை விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், சரி. ஆனால் இவ்வளவு எதற்கு? தெர்மாகோல் ஒட்டுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு டன் ஏசி.

வில்லாபுரம் வயர்மேன்:

அண்ணே, தெர்மாகோல் மட்டும் வேண்டாம். மரக் கூரை, பக்கத்தில் பழைய வயரிங். ஒரு பொறி பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். அந்த மச்சிலிருந்து இறங்க ஒரே ஒரு ஏணிப்படி.

ஏசியும் அங்கே நிற்காது. ஓட்டு இடுக்கு முழுக்கக் காற்று போகும் வழி, குளிர் தங்காது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம். இந்தக் கூரைக்குக் கீழே ஏசி போட்டால் அதைச் சில வாரத்தில் அதுவே தின்றுவிடும்.

அக்கா, உங்கள் மச்சில் மர பேட்டன் மேல் ஓடும் வயர் இருந்தால் அதிலிருந்து இணைப்பு எடுக்காதீர்கள். மீட்டர் பலகையிலிருந்து தனியாக ஒரு லைன், பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த், மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக அணைந்துவிடும் ஆர்சிசிபி சுவிட்ச். இந்த நாலும் இல்லாமல் மர வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை. லேப்டாப், விளக்கு, 30 வாட் பிஎல்டிசி ஃபேன் எல்லாம் சேர்ந்தே 150 வாட்டுக்குள்தான். உங்கள் அளவுக்குச் சாமானும் கூலியும் 6,000 பக்கம் வரும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

திருமங்கலம் பெரியவர்:

கொத்தனார் தம்பி சொன்னதில் தப்பில்லை, ஒன்றை விட்டுவிட்டார். ஷீட் அடித்து மூடிவிட்டால் ஓடு ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் சொட்டுகிற தண்ணீர் ஷீட்டின் மேல் ஓடி, எங்கோ ஒரு கட்டையில் போய் நிற்கும். இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும், அப்போது கட்டை போயிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். ஒரு நாள் விடியற்காலை பூஜை அறைக்கு மேலே கட்டை முறிந்து தொங்கியது. அந்த அறையில் அப்போது ஆள் இல்லாதது தெய்வச் செயல்.

ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மூடு. உடைந்த ஓட்டுக்குப் பதில் ஓடு வாங்கும்போது பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டு போ. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய பிறகு எத்தனையோ ஆலைகள் இந்த ஓட்டைச் செய்தன. ஒன்றின் வாய் இன்னொன்றில் உட்காராது. உட்காராத ஓடு ஒழுகும்.

ஒத்தக்கடை அக்கா:

ஐப்பசி வர இன்னும் ஐந்து மாதம், ஐயா. அதுவரை அவள் வேலை இருக்குமா? இடம் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். இந்த வேலை போனால் மறுபடி கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டையைப் பற்றி இவ்வளவு அக்கறை எடுக்கிறீர்கள், நல்லது. அதே அக்கறை அவள் சம்பளத்தின் மேலும் இருக்கட்டும்.

திருமங்கலம் பெரியவர்:

சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையம்மா. என் மகளும் இப்படித்தான் வேலை பார்க்கிறாள். கூரை விழுந்தால் சம்பளம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

கொத்தனார் மகன்:

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஷீட்டை ஆணி அடித்து மூடாமல் இரண்டடிப் பட்டைகளாகக் கொக்கியில் மாட்டுங்கள். மழை பெய்யும் நாளில் ஒவ்வொன்றாகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஒழுகும் ஓட்டில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் சொன்ன ஆபத்து நிஜம், நானும் அப்படி இரண்டு வீட்டைப் பார்த்திருக்கிறேன். பட்டையாகப் போட்டால் அது தீரும்.

வெளிச்சத்துக்கு வடக்குச் சரிவில் கண்ணாடி ஓடு போடச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது சரிவராது. சித்திரை முதல் ஆவணி வரை மதியச் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும், நேரே திரையில் வந்து விழும். முக்கோணச் சுவரில் ஒரு சன்னல் திறப்பது மேல்.

அப்புறம், இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் வேலை எந்த நேரம்?

மச்சுவீட்டு மருமகள்:

மதியம் 1:30 முதல் இரவு 10:30 வரை. லண்டன் நேரம்.

ஸ்க்ரூ டிரைவரோடு ஏறிப் பார்த்தோம். ஒன்பது கட்டை. எட்டு நன்றாக இருக்கிறது. அடுக்களைப் பக்கத்தில் ஒன்றின் முனை முக்கால் அங்குலம் இறங்கியது, மாவும் கொட்டியது. வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தேக்குத் துண்டு வைத்து போல்ட் போட்டு, கீழே ஒரு தூணும் கொடுக்கலாம் என்றார். 4,500 கேட்டார்.

பையனுக்குக் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த தெர்மாமீட்டர் உதவாது என்று சுவரில் மாட்டுவது ஒன்று வாங்கி, நேற்று மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மதியம் 3 மணிக்கு மச்சில் 42, கூடத்தில் 35. ஏழரைக்கு இரண்டும் 34. ஒன்பதரைக்கு மச்சு 31, கூடம் 33.

கொத்தனார் மகன்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஓடு மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்காது. வெயில் இறங்கியதும் ஆறிவிடும். கான்கிரீட் தளமாக இருந்தால் நடுராத்திரி வரை அனல் கக்கும். உங்கள் ஒன்பது மணி நேரத்தில் கடைசி மூன்று மணி நேரம் மச்சு நல்ல இடம். முதல் ஆறு மணி நேரம்தான் பிரச்சினை. ஷீட் போட்டால் அந்த 42 குறையும், ஆனால் கூடத்தின் அளவுக்கு இறங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒத்தக்கடை அக்கா:

பையன் மதியம் எத்தனை மணிக்குத் தூங்குவான்? இரண்டு வயதுக்கு இரண்டு மணி நேரமாவது தூங்குவானே. அந்த நேரம் கீழே அறையில் கதவைச் சாத்தி உட்கார், அவனைக் கூடத்தில் மாமியாரோடு படுக்கவை. அவன் எழுந்ததும் நீ மேலே போ. ஏணிப்படி வாயில் தாழ்ப்பாள் வைத்த ஒரு தடுப்பு போட மறக்காதே. ஏறக் கற்றுக்கொள்ளும் வயது.

திருமங்கலம் பெரியவர்:

எட்டுக் கட்டை நன்றாக இருக்கிறது என்றால் நான் ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனால் அந்த ஒன்பதாவதைச் சரிசெய்யாமல் மேலே ஒரு பாய்கூட விரிக்காதே.

நாற்காலி போடாதே அம்மா. நாற்காலி போட்டால் நடுவில் ஐந்தடிதான் உனக்கு. கீழ மாசி வீதி மொத்தக் கடைகளில் அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளைகள் மெத்தை விரித்து, சாய்வாகச் செய்த குட்டை மேசை வைத்துச் சம்மணம் போட்டுத்தான் பேரேடு எழுதினார்கள். தரையில் உட்கார்ந்தால் தலை மூன்று அடிக்குள் நின்றுவிடும், ஓரத்துத் தாழ்வான இடமும் உன்னுடையதாகிவிடும். ஓட்டிலிருந்தும் தள்ளி இருப்பாய். சுவரோரம் உட்கார்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்கும், கனமும் கட்டை முனையில் விழும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் முட்டி பிடித்துக்கொள்ளும்.

எல்லீஸ் நகர் எட்டாவது தெரு:

வீடியோவில் தரையில் உட்கார்ந்திருப்பது தெரியாதா?

ஒத்தக்கடை அக்கா:

தோளுக்கு மேல்தான் தெரியும், தம்பி. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் போதும்.

மச்சுவீட்டு மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. கட்டைக்கு 4,500, வயரிங்குக்கு 6,000, ஷீட்டும் தட்டியும் கொக்கியும் கூலியோடு 13,000, சன்னலுக்கு 5,000, தடுப்புக் கதவுக்கு 1,500. மிச்சம் 5,000. அதைத் தொடாமல் ஐப்பசியில் ஓடு மாற்ற வைத்திருக்கிறேன், பெரியவர் சொன்னதற்காக.

இன்று அண்டாவையும் பொம்மைகளையும் இறக்கிவிட்டோம். கல்யாணப் பெட்டியைத் தூக்கப் போனபோது, அது அங்கேயே இருக்கட்டும் என்றார் மாமியார். சரி என்று தூசி தட்டி மேற்குச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். கனம் இல்லை, உள்ளே இரண்டு பட்டுப் புடவைதான். உயரம் அளந்தேன், 13 அங்குலம். முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கை சரியாக உட்கார்ந்தது. மேசை வாங்கவில்லை.