நான்கு முருகன்

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை

பெரியத்தை, 7:12
அம்மா நாலு நாளா என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகக் கூப்பிட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறது. என் மேல் ஏதும் கோபமா?

நான், 7:20
கோபமெல்லாம் இல்லை அத்தை. நேற்று ராத்திரி ஊருக்கு வந்தேன். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சஷ்டிக்கு உங்கள் வாட்ஸ்அப் டிபி படத்தை முருகனாக மாற்றினீர்களே, அதுதான்.

பெரியத்தை, 7:21
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் மருமகனே?

நான், 7:26
அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். காய்த்துப்போன விரல், திரை சட்டென்று எடுக்காது. அதனால் விரலை நாக்கில் தொட்டு, முந்தானையில் ஒரு துடைப்பு, அப்புறம் உங்கள் மூக்குத்தி மேல் குறி பார்த்து ஒரு தட்டு. இப்போது அங்கே நான்கு முருகன். நீங்கள், அப்பா, சின்னத்தை, மாவு மில்காரர்.

நான், 7:27
செவ்வாய்க்கிழமை ஒரு முருகனைத் தட்டியிருக்கிறது. மில்காரர் எடுத்து "என்ன ஆத்தா, அரிசி காஞ்சிருச்சா?" என்றாராம். அதோடு ஃபோனைப் பரணில் வைத்துவிட்டது.

அண்ணன், 7:29
ஹாஹா. பேசாமல் ஞாயிற்றுக்கிழமை குழுவாக வீடியோ கால் போடலாமே. 32 பேர் வரை சேரலாம்.

நான், 7:31
ஆளுக்கொரு தீப்பெட்டி அளவு முகம் தெரியும். அதற்கு முருகனே தேவலை.

சித்தப்பா சிங்கப்பூர், 7:35
என் படம் மாறவே இல்லையே, என்னையும் கூப்பிடவில்லையே?

நான், 7:38
அப்பத்தா வேலை முடித்து உட்காரும்போது இங்கே எட்டு மணி, அங்கே பத்தரை. "பிள்ளை தூங்கும்" என்று விட்டுவிடுகிறது. அதனால் குரல் பதிவு சொல்லிக் கொடுத்தேன். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். முதல் பதிவில் இரண்டு நிமிடம் ஆட்டுச் சத்தம் மட்டும்.

அப்பா, 7:40
சூரசம்ஹாரம் முடிந்துவிட்டது. எல்லோரும் அவரவர் முகத்தைத் திரும்ப வையுங்கள். நான் மாற்றிவிட்டேன்.

அண்ணன், 7:43
முகத்தை மட்டும் நம்பவும் கூடாது. எவனாவது சித்தப்பா படத்தைப் புது நம்பரில் வைத்து அவசரமாகப் பணம் கேட்டால்? சைபர் மோசடிப் புகார் எண் 1930, அதைப் பெரிதாக எழுதி அப்பத்தா ஃபோன் பின்னால் ஒட்டு. பணம் போனால் உடனே அதில்தான் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்கு எண் படிக்கத் தெரியும்தானே?

நான், 7:45
பஸ் நம்பர் பார்த்து ஏறுகிற ஆளாச்சே. பணம் கேட்டால், செவலைப் பசு மொத்தம் எத்தனை கன்று போட்டது என்று கேட்குமாம்.

சித்தப்பா சிங்கப்பூர், 7:46
எனக்கே தெரியாதே! எத்தனை?

பெரியத்தை, 7:46
இங்கே யாரும் எழுதாதீர்கள். அம்மாவிடமே கேள்.

பெரியத்தை, 7:52
மாற்றிவிட்டேன். பார்க்கச் சொல்.

அப்பத்தா, 8:03
குரல் பதிவு (0:41)
"ஏத்தா பெரியவளே... மூக்குத்தி தெரியுது. இளைச்சுட்டியே? இங்க நல்ல மழை, கம்மாய் பாதி ரொம்பிருச்சு. சாயங்காலம் கூப்பிடுறேன், இப்ப ஆட்டுக்குக் கொழை ஒடிக்கணும்... டேய், இதை எப்படிடா நிப்பாட்டுறது? இங்க வா..."