தெருவை அடைக்கிறார்கள், எங்களைக் கேட்டார்களா?

கேள்வி:
லண்டனில் எங்கள் தெருவில் கார் நுழையாதபடி அடைக்கப் போகிறார்கள். கருத்துக் கேட்பு முழுக்க ஆன்லைனில், ஆங்கிலத்தில் மட்டும். முழங்கால் தேய்ந்த அம்மா வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குக் காரில்தான் போகிறார், படிவத்திலோ சைக்கிள் பற்றி ஏழு கேள்விகள், நடக்க முடியாதவர்கள் பற்றி ஒன்றுகூட இல்லை. இது பாகுபாடு இல்லையா?

பதில் 1:
பாகுபாடு என்று நிரூபிப்பது கடினம். ஆனால் 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுப்படி, முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஆகும் என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) முடிவுக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். அப்படி யோசித்ததைக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
எதையும் எழுத்தில் கொடுங்கள். இதே போன்ற திட்டம் பற்றி லண்டனின் மேற்கு டல்விச் குடியிருப்பாளர்கள் கொடுத்த 53 பக்கத் தொகுப்பைக் கணக்கில் எடுக்காததால்தான் அந்தப் பகுதியின் லாம்பெத் கவுன்சில் 2025 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, பாகுபாட்டுக்காக அல்ல. அப்புறம், தெருவை அடைக்க நிரந்தர ஆணை போட்டுவிட்டால் வழக்குத் தொடர ஆறே வாரம்தான்.

கேட்டவர்:
சரி, அம்மா தமிழில் சொல்லச் சொல்ல இன்று இரவே எழுதி, மருத்துவமனைக் கடிதத்தையும் இணைத்து அனுப்புகிறேன்.