ஹெலினா வெண்கலக் காசு: சீட்டில் உள்ள வகையும் அளவும் பொருந்தவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலினாவின் வெண்கலக் காசு ஒன்று வாங்கினேன். சீட்டில் 'செக்யூரிடாஸ், கி.பி. 325' என்று போட்டிருக்கிறது, அதாவது பின்பக்கத்தில் செக்யூரிடாஸ் என்ற பாதுகாப்புத் தெய்வம் உள்ள வகை. ஆனால் அந்த வகை 19, 20 மில்லிமீட்டர் இருக்குமாம், இது 15தான், எடை 1.6 கிராம். பின்பக்கம் நிற்கும் பெண்ணின் ஒரு கையில் கிளை, மறு கையில் சாய்வாக ஒரு நீளக் கோல். எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. ஓரத்தை வெட்டியிருப்பார்களா, இல்லை போலியா? அப்புறம், கொண்டையருகே வெளிர்பச்சைப் புள்ளி ஒன்று, பல்குச்சியால் தொட்டால் மாவாக உதிர்கிறது.

பதில் 1:
சீட்டுதான் தவறு. செக்யூரிடாஸ் கிளையைத் தாழப் பிடித்து மறு கையால் ஆடையைத் தூக்கியிருப்பாள், அவளிடம் கோல் கிடையாது. கோல் இருந்தால் அது பாக்ஸ் பப்ளிகா, அதாவது அமைதித் தெய்வம் உள்ள வகை, அந்த வகைக்கு உங்கள் அளவும் எடையும் சரியாக வருகின்றன. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு, 340க்குள், அவர் மகன்கள் காலத்தில் அடித்தது. ஹெலினா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். காலடிக் கோட்டுக்குக் கீழே என்ன எழுத்து இருக்கிறது?

பதில் 2:
இதே காலத்தில் தியோடோராவுக்கும் காசு அடித்தார்கள், குழந்தையை ஏந்திய பெண் இருந்தால் அது அவருடையது. கான்ஸ்டன்டைனின் தந்தை ஹெலினாவை விலக்கிவிட்டு மணந்தவர் இந்தத் தியோடோரா. 337இல் தியோடோராவின் வழிவந்த ஆண்கள் பலரைக் கொன்றுவிட்டார்கள், அதே சமயத்தில் அவருக்கும் ஹெலினாவுக்கும் சேர்த்துக் காசு வெளியிட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. கிடைத்தால் இரண்டையும் ஜோடியாக வையுங்கள்.

பதில் 3:
அந்தப் பச்சைப் புள்ளியை முதலில் கவனியுங்கள். கெட்டியாகப் படிந்த களிம்பு என்றால் பயமில்லை, மாவாக உதிர்வது குளோரைடு அரிப்பு, ஈரம் பட்டால் உள்ளே தின்றுகொண்டே போகும். பித்தளைச் செம்புக்குப் போடுகிற மாதிரி புளி, எலுமிச்சை எதுவும் வேண்டவே வேண்டாம். மாவை மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் இருக்கும். நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கீழே டி, ஆர் தெரிகிறது, மூன்றாவது எழுத்து பியா எஸ்ஸா என்று புரியவில்லை.

பதில் 1:
எதுவானாலும் ட்ரியர் நகர அக்கசாலைதான் (நாணயம் அடிக்கும் இடம்), இன்றைய ஜெர்மனியில் இருக்கிறது. கடைசி எழுத்து எந்தப் பட்டறை என்பதை மட்டும் சொல்லும். அதற்காகச் சுரண்டாதீர்கள்.