கோழி நம்ம கோழி, சுவர் பக்கத்து வீட்டுச் சுவர்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பெருமாள்புரம் புறவாசல்:

நாலேகால் சென்ட்ல வீடு. பின்னால கிணத்தடி, ஒரு முருங்கை, ரெண்டு வாழை, அவ்வளவுதான் எங்க புறவாசல். போன வருஷம் புரட்டாசியில அம்மா ஊர் முனைஞ்சிப்பட்டியில இருந்து ஆறு பெட்டையும் ஒரு சேவலும் கொண்டாந்தேன். எல்லாம் சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி. கோழி சும்மா கிடைச்சது, ஆட்டோவுக்குத்தான் 600 ரூபாய் ஆச்சு. அது இன்னும் வலிக்கு.

பக்கத்து வீட்டுல ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும், அவங்களை நான் மைனின்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு வருஷமா நல்ல பழக்கம், சாம்பார்ப் பொடி வரைக்கும் கொடுத்து வாங்குவோம். முதல் முட்டை விழுந்ததும் தட்டுல ஆறு முட்டையை வச்சுக்கிட்டு ஓடுனேன். மைனி வாசல்படியில ஒரு எட்டு பின்னால வச்சு, "நாங்க முட்டை தொடமாட்டோம்லா தாயீ" அப்படின்னாங்க. சொதி கொடுத்துருக்காங்க, கூட்டாஞ்சோறு கொடுத்துருக்காங்க, எல்லாம் சைவம்தான், எனக்கு அது உறைக்கவே இல்ல. நாம ஒரு நாளாவது மீன்கொழம்பு கொடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தட்டைத் திருப்பிக் கொண்டாறதுக்குள்ள தெரு நீளமாப் போச்சு.

அடுத்தது மார்கழி. மைனி நாலரை மணிக்கே எந்திரிச்சு வாசல் தெளிச்சு, பச்சரிசி மாவுல பெரிய கோலமாப் போட்டு, நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ செருகி வைப்பாங்க. ஒரு நாள் காலையில பால் வாங்க வெளிய வந்தா, பூ ஒரு பக்கம், சாணி ஒரு பக்கம். கோலத்துல பாதியக் காணோம். ஈரத்தரையில மாவை மிதிச்சுக்கிட்டு மூணு விரல் தடம் வெள்ளை வெள்ளையா, வரிசையா, நேரா எங்க கேட்டுக்கு அடியில வந்து முடியுது. போலீஸ் நாய் எல்லாம் வேண்டாம். மைனி ஒரு வார்த்தை சொல்லல. தண்ணி தெளிச்சு வாரியலால கூட்டிட்டு மறுபடியும் புள்ளி வச்சாங்க. திட்டியிருந்தா பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டு ஆறியிருப்பேன்.

அன்னைக்கே உவரிப் பக்கம் இருந்து பழைய மீன் வலை வாங்கியாந்து முருங்கைக்கும் சுவருக்குமா ஆறடிக்குக் கட்டுனோம். தாண்டுற கோழிக்கு ஒரு பக்கச் சிறகை மட்டும் நறுக்கி விட்டேன். ரெண்டு பக்கமும் நறுக்குனா சமநிலை வந்துரும், எப்படியும் எம்பிரும். ஒரு பக்கம்னா சாய்ஞ்சு சாய்ஞ்சு விழும். வலி கிடையாது, நகம் வெட்டுற மாதிரிதான். இறகு உதிர்ந்து முளைச்சதும் திரும்ப நறுக்கணும்.

ஆனா சேவல் சத்தத்துக்கு வலை கட்ட முடியலயே. மூணே முக்காலுக்கு ஆரம்பிச்சிருது. வாத்தியார் இப்போ வெறும் தலையாட்டலோட போயிருதாரு. சேவல் வச்சிருக்கிறவங்க என்ன பண்ணுதீங்க?

தச்சநல்லூர்க்காரன்:

அக்கா, முதல்ல ஒண்ணு. முட்டைக்குச் சேவல் தேவையே இல்ல. பெட்டை அதுபாட்டுக்கு இடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இது தெரியாமலே பாதிப்பேர் ஊர் வாயில விழுதாங்க.

நானும் விழுந்தவன்தான். கூட்டைச் சாக்குப் போட்டு மூடினேன், கூவிச்சு. ஸ்டோர் ரூம்ல கொண்டு போய் இருட்டுல வச்சேன், அங்கேயும் நாலு மணிக்குக் கூவிச்சு, என்ன, கொஞ்சம் அமுங்கிக் கேட்டுச்சு. பிறகுதான் படிச்சேன். ஜப்பான் நாகோயா பல்கலைக்கழகத்துல 2013இல் இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. ராப்பகல் தெரியாம மங்கல் வெளிச்சத்துலயே வச்சிருந்தும் சேவல் தன் நேரத்துக்குக் கூவியிருக்கு. கடிகாரம் அதுக்கு உடம்புக்குள்ளயே இருக்கு. 2015இல் இன்னொண்ணும் சொன்னாங்க. கூட்டத்துல மத்ததை அடக்கி வச்சிருக்கிற தலைமைச் சேவல்தான் முதல் கூவல், மத்தது வரிசையா அதுக்குப் பின்னால. வெளிச்சத்துக்கும் அடுத்த சேவல் சத்தத்துக்கும் அது கூடுதலாக் கூவும்ங்கிறது உண்மை. அதனால மூடி வச்சா எண்ணிக்கை குறையும், அடியோட நிக்காது. தலையை நிமிர்த்த முடியாத அளவுக்குத் தணிவான பெட்டியில அடைச்சா கூவாதுன்னு ஒருத்தர் சொன்னார். ஒரு ராத்திரி வச்சுப் பார்த்தேன். காலையில அது கழுத்தைத் திருப்பிப் பார்த்த பார்வை இருக்கே, மறுநாள் அந்தப் பெட்டியை விறகுக்கு உடைச்சிட்டேன்.

இப்போ என் ஏற்பாடு இதுதான். சேவல் சிவந்திப்பட்டியில மச்சினன் தோட்டத்துல நிக்கு. குஞ்சு வேணும்னா பத்து நாளைக்கு இங்க கூட்டிட்டு வருவேன். சேவலைப் பிரிச்ச பிறகும் ஒரு பத்து நாளைக்கு இடுற முட்டையில கரு இருக்கும், அதை எடுத்து அடை வச்சா போதும். அந்தப் பத்து நாளைக்கு முன்கூட்டியே ரெண்டு வீட்டுலயும் சொல்லிருவேன். "மாப்பிள்ளை மறுவீடு வந்திருக்காரா?"ன்னு அவங்களே கேலி பண்ணுவாங்க. தேதி தெரிஞ்ச சத்தம்னா ஜனங்க பொறுத்துக்கிடுதாங்க.

பணகுடி மேக்கு:

எங்க கதையக் கேளுங்க. எங்க வீட்டுச் சேவல் சுடலைமாடனுக்கு நேர்ந்து விட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் நாலு மாசம் கிடந்தது. விக்கவும் முடியாது, குழம்பு வைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பி காத்தாடி கம்பெனியில, அதான் காத்துல கரண்டு எடுக்கிற காற்றாலை, அங்க நைட் ஷிப்டு. நம்ம ஊர்ல அதுதான ஆலமரம் மாதிரி, திரும்புன பக்கமெல்லாம் காத்தாடி. ஒரு நாள் அவன் சன்னலை 'டமார்'னு சாத்துனான். இன்னொரு நாள் சுவர் மேல ஒரு கல்லு விழுந்துச்சு. எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. சாமிச் சேவலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்ல?

ஒரு மாசம் இப்படியே ஓடுச்சு. நானா நினைச்சுக்கிட்டு சேவலைத் தெருக்கோடியில மதினி வீட்டுல கட்டினேன், திருநீறு போட்டேன், அவன் அம்மைக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தேன். ஒண்ணும் சரிவரல. கடைசியில ஒரு நாள் பைக்கை நிறுத்துறப்போ கேட்டே போட்டேன், "ஏல, அந்தச் சேவல் உனக்கு என்ன பண்ணுச்சு?"

"எக்கா, சேவல் கூவுற நேரம் நான் டூட்டியிலல்லா இருக்கேன். எனக்கு எந்தச் சேவல்? பகல் பதினோரு மணிக்கு அந்தக் கறுப்புப் பெட்டை என் சன்னலுக்குக் கீழ நின்னு அரை மணி நேரம் கத்துதே, அதைச் சொல்லும்!"

முட்டை இட்டுட்டுக் கொக்கரிக்கிறது! முட்டையிடுற நார்ப்பெட்டியை நான் வச்சிருந்தது அவன் சன்னலை ஒட்டுன சுவர்ல. இட்டு முடிச்சதும் அங்கனயே நின்னு ஊருக்குத் தம்பட்டம். பெட்டியைத் தூக்கித் தெக்க, அடுப்படிப் பக்கம் வச்சேன். பெட்டைக்குப் புது இடம் பழக நாலு நாளாச்சு. வைக்கோல்ல ஒரு கூமுட்டையப் போட்டு வச்சா சீக்கிரம் ஏறும். அதோட முடிஞ்சது. ஒரு மாசம் முறுக்கு மாவு வீண்.

சேரன்மகாதேவி:

சத்தத்தைப் பத்தியே பேசுதீங்க. எங்க தெருவுல சண்டை வந்தது கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் நோயால. மாசி வெயிலுக்கு முதல்ல எங்க வீட்டுல ரெண்டு தலையைத் தொங்கப் போட்டுச்சு, மூணாம் நாள் எதிர் வீட்டுல அஞ்சு செத்துப் போச்சு. "உன் கோழிதான் கொண்டாந்துச்சு". இல்லன்னு எப்படிச் சொல்ல? மேயிற கோழிக்கு ஏது வேலி.

மறுவருஷம் பிப்ரவரியில கால்நடைத் துறை நடத்துற கழிச்சல் தடுப்பூசி முகாம் வந்தப்போ, நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன். எட்டு வாரம் தாண்டுன கோழிக்கு இறக்கைக்கு அடியில ஊசி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு மருந்து, அது தனி. குப்பியைக் கலக்கிட்டா சீக்கிரம் போட்டு முடிக்கணும், வச்சுக்கிட்டிருக்க முடியாது, ஒரு வீட்டுக்கோழிக்காகக் குப்பியை உடைச்சா மிச்சம் வீண். அதனால அன்னைக்குக் காலையில ஒருத்தியும் கூட்டைத் திறந்து விடல. ஆச்சி ஒருத்தி கக்கத்துல ரெண்டு கோழியை இடுக்கிக்கிட்டு, சின்னப்பையன் ஒருத்தன் பஞ்சாரத்தோட தலைச்சுமையா, எல்லாம் பிள்ளையார் கோயில் முக்குல. எதிர் வீட்டுக்காரி கோழியை நான்தான் பிடிச்சிக் கொடுத்தேன், அது என் சேலையில பேண்டு வச்சது. அதுக்குச் சிரிச்சவதான், இப்பவும் பேசுதா.

நாற்றத்துக்கும் ஈக்கும் ஒரு வார்த்தை. எச்சம் காய்ஞ்சு கிடந்தா நாத்தம் இல்ல, ஈரம்பட்டாத்தான் மூக்கைத் துளைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால கூரையைச் சரி பண்ணுங்க, தரையில நாலு விரக்கடை உமி போடுங்க, ஈரமான இடத்துல சுண்ணாம்புத்தூள் தூவுங்க. ஈ முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாள்ல புது ஈயா பறந்துரும், அதுக்குள்ள ரெண்டு தடவை கூட்டி அள்ளிரணும். ராத்திரி தீவனத் தட்டை எடுத்து வச்சிருங்க. சிந்துன தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால யார் வருவாருன்னு சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரங்க பயப்படுறது கோழிக்கு இல்ல, அவருக்குத்தான்.

களக்காட்டுப் பக்கம்:

எல்லாரும் சண்டை தீர்ந்து ராசியான கதையாச் சொல்லுதீங்க. ராசியாகாததையும் ஒருத்தி சொல்லணும்லா.

என் செவலைக்கோழி ஒரு நாள் அடைய வரல. ரெண்டு நாள் தேடுனேன். மூணாம் நாள் பக்கத்து வீட்டுல கோழிக்கொழம்பு வாசம். அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துட்டு. நடுத்தெருவுல நின்னு, பேர் சொல்லாம, ஆனா யாருன்னு தெருவுக்கே தெரியும்படி, மண்ணை வாரித் தூத்திட்டேன். அந்த அக்கா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அவ வீட்டுக்கு அன்னைக்கு மருமகன் வந்திருந்தாராம், பிராய்லர் எடுத்திருக்காவ. பிறகுதான் தெரியும்.

மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில வாசல் கூட்டிக்கிட்டிருக்கேன். உடங்காட்டுக்குள்ள இருந்து செவலை வருது. உடம்பு பாதியா இளைச்சுப்போய், கொண்டை வெளுத்து, இறகை விரிச்சுக்கிட்டு. பின்னால குஞ்சு. கள்ளி, காட்டுக்குள்ள முட்டையிட்டு அங்கனயே அடை கிடந்திருக்கா. 21 நாள் கணக்கு எனக்கு ஏன் அன்னைக்குத் தோணல? வந்த வழியும் பாருங்க, அந்த அக்கா வாசல் வழியா. அவ படியில உக்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்கி ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணுனா. "ஒம்பது"ன்னு சொல்லிட்டுக் கீரையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

குஞ்சு வளர்ந்ததும் ஒரு விடைக்கோழியும் தேங்காயும் கொடுத்துவிட்டேன். கோழி மட்டும் திரும்பி வந்தது, தேங்காய் வரல. அது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு மூணு வருஷமா யோசிக்கேன். அவ வீட்டுக்கார அண்ணாச்சி பேசுவாரு. அவ இல்ல.

தச்சநல்லூர்க்காரன்:

தேங்காய் வரலன்னா பாதி ராசிதான் அக்கா. பொங்கலுக்கு ஒரு கட்டு பனங்கிழங்கோட நேரா நீங்களே போங்க, ஆள் விடாதீங்க.

பெருமாள்புரம் புறவாசல்:

எல்லாருக்கும் நன்றி. பணகுடி அக்கா சொன்னதைப் படிச்சதும் நானும் போய்க் கேட்டேன். கை வெறுங்கையா. மைனி காப்பி போட்டுக் கொடுத்துட்டு மெதுவாச் சொன்னாங்க. வாத்தியார் எப்படியும் நாலு மணிக்கு எந்திரிச்சிருவாராம், சேவல் ஒரு பொருட்டே இல்லையாம். தலையாட்டலோட போறது, புதுசா காதுல மிஷின் மாட்டியிருக்கிறதாலயாம், பாதி நேரம் அது அணைஞ்சு கிடக்காம். நான் ஒன்பது மாசமா அதை வச்சு ராத்திரி தூங்காம கிடந்திருக்கேன்.

மைனிக்கு உறுத்துனது வேற. வலை கட்டுன பிறகும் ஒரு பெட்டை மட்டும் சுவர்ல ஏறி உக்காருது. அது அவங்க துளசி மாடத்து மேலயும் சுத்தியும் எச்சம் போட்டுருது. குளிச்சுட்டு விளக்கேத்த வந்தா மிதிக்க வேண்டியிருக்கு. இதை எப்படி வாய்விட்டுச் சொல்லன்னு இருந்துட்டாங்களாம். அன்னைக்குச் சாயங்காலமே சுவர் மேல மூங்கில் சட்டம் அடிச்சு வலையை உள்பக்கமாச் சாய்ச்சுக் கட்டியாச்சு. துளசி மாடத்தை நானே கழுவி விட்டேன்.

பிச்சிக்கொடிக்குக் கோழி எரு கேட்டாங்க. பச்சையாப் போட்டா வேர் கருகிரும், நான் ஒரு கறிவேப்பிலைக் கன்னை அப்படித்தான் கொன்னேன். காய்ஞ்ச இலையோட சேர்த்து ரெண்டு மாசம் மக்க வச்சுத் தாறேன்னுருக்கேன். முட்டை தொடாதவங்களுக்குக் கொடுக்கவும் கோழிகிட்ட ஒண்ணு இருக்கத்தான் செய்யுது.

எந்திரிக்கிறப்போதான் இன்னொண்ணு சொன்னாங்க. மக தைக்குப் பேறுகாலத்துக்கு வாறாளாம். பச்சப்பிள்ளை இருக்கிற வீடு. அதுக்கு அவங்க ஒண்ணும் கேக்கல, சும்மாதான் சொன்னாங்க. ஆனாலும் மார்கழி முடியுறதுக்குள்ள சேவலை முனைஞ்சிப்பட்டிக்கு அனுப்பணும். திரும்ப 600 ரூபாய். சனிக்கிழமை அந்தப் பக்கம் லோடு ஆட்டோ போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பஞ்சாரம் நான் தாறேன்.