வறண்ட முகத்தில் டின்டட் பிரைமர் உருண்டு உருண்டு வருகிறது, உதவி தேவை

நெல்லைக்காரி
ஹாய் சிஸ்டர்ஸ். எனக்கு நல்ல வறண்ட சருமம். ஊரில் இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. பெங்களூரு வந்தபின், அதுவும் டிசம்பர், ஜனவரியில், முகம் கழுவித் துடைத்த உடனே இழுத்துப் பிடிக்கிறது. ஆபீஸில் நாள் முழுக்க ஏசி வேறு. ஃபவுண்டேஷன் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால், ஈரப்பதம் தரும் என்று சொல்லி விற்கிற டின்டட் பிரைமர் (மேக்கப்புக்கு அடியில் போடுகிற, லேசா நிறம் சேர்த்த கிரீம்) ஒன்று வாங்கினேன்.

ட்யூபிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கன்னத்தில் தடவி, இன்னொரு முறை விரலை ஓட்டினால் போதும், அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு கையோடு வருகிறது. மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் செதில் செதிலாகத் தெரிகிறது. மதியத்துக்குள் நிறமும் கறுத்துவிடுகிறது. காலையில் நான் போடும் வரிசை: நல்லா நுரைக்கிற ஃபேஸ் வாஷ், ஹையலூரானிக் சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அதன் மேல் பிரைமர். கோளாறு பிரைமரிலா, என் முகத்திலா? விலை அதிகம், தூக்கிப் போட மனசு வரவில்லை.

மல்லிகைப்பந்தல்
அடியில் கற்றாழை ஜெல் போட்டுப் பாருங்க சிஸ். எனக்கு சூப்பரா செட் ஆகுது.

கோவை மேக்கப் அக்கா
ஏற்கெனவே நாலு அடுக்கு இருக்கு, இதில் ஜெல்லும் சேர்ந்தால் இன்னும் உருளும். நெல்லைக்காரி, சன்ஸ்கிரீன் ஜெல்லா கிரீமா? ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுறீங்க? பிரைமர் ட்யூபின் பின்னால் இருக்கிற பட்டியலில் முதல் ஐந்தாறு பெயரை எழுதுங்க.

நெல்லைக்காரி
சன்ஸ்கிரீன் மேட் ஜெல். நேரமெல்லாம் விடுவதில்லை அக்கா, ஏழே முக்காலுக்கு ஆபீஸ் கேப் வாசலில் வந்து நிற்கும். பட்டியல் இது: தண்ணீர், சைக்ளோபென்டாசிலோக்சேன், கிளிசரின், டைமெதிகோன், டைட்டானியம் டை ஆக்சைடு, நயாசினமைடு. கடைசியில் அயர்ன் ஆக்சைடு.

கோவை மேக்கப் அக்கா
பிரைமரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கிளிசரின் மூன்றாவது இடத்தில் இருக்கு, வறண்ட முகத்துக்கு அது நல்ல விஷயம். பட்டியலில் அளவு கூடியதுதான் முன்னால் வரும்.

சைக்ளோபென்டாசிலோக்சேன் தடவின கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போகும். டைமெதிகோன் மெல்லிய படலமாகத் தங்கும். படலம் பிடிக்கிற நேரத்தில் நீங்க இரண்டாவது தடவை விரலை ஓட்டினால் அது கிழிந்து உருளும். அடியில் இருக்கிற சீரத்திலும் ஜெல்லிலும் கெட்டிப்பதத்துக்காகப் பிசின் மாதிரி பொருட்கள் சேர்த்திருப்பாங்க. அது சரியாகக் காயாமலும் சருமத்தில் ஒட்டாமலும் மேலேயே நிற்கும்போது தேய்த்தால் அதுவும் கூடவே வரும். உரிந்த தோலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் காலையில் சீரத்தை விட்டுடுங்க, ராத்திரி போட்டுக்கலாம். முகத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே செராமைடோ (சருமத்திலேயே இருக்கிற ஒருவகைக் கொழுப்பு) ஷியா வெண்ணெயோ உள்ள கிரீம் மெல்லிசா ஒரு கோட். ஹையலூரானிக், கிளிசரின் எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஆட்கள். ஏசி காற்றில் அந்தத் தண்ணீர் பறந்து போகாமல் மேலே மூடி போடவும் ஒன்று வேண்டும், அதுக்குத்தான் இந்தக் கிரீம். அப்புறம் சன்ஸ்கிரீன். அது பிசுபிசுப்பு இல்லாமல் காய ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. தலை சீவுங்க, டிபன் பாக்ஸ் கட்டுங்க.

பிரைமர் ஒரு பட்டாணி அளவு போதும். கன்னம், நெற்றி, தாடையில் புள்ளி வைத்து, ஈரப்படுத்தி நல்லாப் பிழிந்த ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்க. இழுக்கவே கூடாது. போட்ட இடத்துக்குத் திரும்பப் போகவும் கூடாது. கல்யாணப் பெண்களுக்குப் போடும்போது நான் பிரஷ்ஷைத் தொடுவதில்லை, வறண்ட தோலில் அது செதிலைக் கிளப்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. இடது கன்னத்தில் நான் சொன்ன மாதிரி, வலது கன்னத்தில் உங்க பழைய வரிசை. எது உருளுதுன்னு பார்த்தால் யார் குற்றவாளின்னு தெரிந்துவிடும்.

வைகைக்கரை
ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பிரைமரோடு கலந்து போட்டால் உருளாதே, நான் அப்படித்தான் செய்கிறேன்.

கோவை மேக்கப் அக்கா
உருளாது, வழுக்கும். நிறமி எண்ணெயில் நனைந்தால் இன்னும் அடர்ந்து தெரியும், ஏற்கெனவே கறுக்குதுன்னு சொல்றாங்க. எண்ணெய் ராத்திரிக்கு இருக்கட்டும்.

புதுப்புடவை
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரைமரில் எஸ்பிஎஃப் 30 (வெயிலிலிருந்து காக்கிற அளவு) என்று போட்டிருக்கிறது. சன்ஸ்கிரீனையே விட்டுவிட்டால் ஒரு அடுக்கு மிச்சம்தானே?

மாத்திரை டப்பா
விடாதீங்க. அந்த 30 என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளந்தது. பட்டாணி அளவில் முகம் முழுக்கத் தடவினால் அந்தக் கனம் வராது. ஆனால் டின்ட்டுக்கு ஒரு பெருமை உண்டு. நிறத்துக்காகச் சேர்க்கிற அயர்ன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அது உதவும், நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் பலவும் அதைச் செய்வதில்லை.

நெல்லைக்காரிக்கு இரண்டு விஷயம். நல்லா நுரைக்கிற ஃபேஸ் வாஷ் என்றீங்க, முதலில் அதை மாற்றுங்க. கழுவினதும் முகம் இழுத்தால் அது உங்களுக்குச் சரிப்படவில்லை என்று அர்த்தம். சோப்பு என்றால் இன்னும் மோசம், அதன் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9, 10 என்று நிற்கும், சருமத்துடையது 5 பக்கம்.

இரண்டாவது, மூக்கோரமும் புருவமும் என்று குறிப்பாகச் சொன்னீங்களே, அது எனக்கு இடிக்கிறது. வெறும் வறட்சி என்றால் கன்னத்திலும்தான் செதில் வரணும். தலையில் பொடுகு இருக்கா? செதில் லேசா மஞ்சளாக, அடியில் சிவந்து இருக்கா? அப்படியென்றால் செபோரிக் டெர்மடைட்டிஸாக (பொடுகு வகையைச் சேர்ந்த தோல் அழற்சி) இருக்கலாம். மலசீசியா என்ற ஈஸ்டுக்கும் அதில் பங்கு உண்டு. எவ்வளவு மாய்ஸ்சரைசர் போட்டாலும் அடங்காது, தோல் டாக்டர் பார்த்துப் பூஞ்சைக்கான மருந்து கொடுப்பார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த ட்யூப் வாங்கித் தடவாதீங்க. முதல் வாரம் ஜம்முன்னு இருக்கும், பிறகு தோல் மெலிந்து, விட்டால் எரியும்.

நெல்லைக்காரி
ஞாயிறு செய்து பார்த்தேன். இடது கன்னம் சுத்தமாக உருளவில்லை, வலது கன்னம் எப்போதும் போல. அப்போ பிரைமர் நிரபராதி! ஸ்பான்ஜை எவ்வளவு பிழிவது என்பது இன்னும் பிடிபடவில்லை, ஈரம் கூடினால் நிறம் வெளிறுகிறது.

பொடுகு இருக்கு. மூக்கோரம் சிவப்பும் இருக்கு, இத்தனை நாள் மூக்கைத் தேய்த்ததால் என்றே நினைத்தேன். சனிக்கிழமை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். கறுப்பது மட்டும் அப்படியே இருக்கு. ஒரு ஷேட் குறைத்து வாங்கலாமா?

கோவை மேக்கப் அக்கா
அவசரப்படாதீங்க. செதிலில் நிறமி கூடுதலாகத் தங்கும், அதுவும் கறுத்த மாதிரித்தான் தெரியும். செதில் அடங்கட்டும். அப்புறம் தாடை ஓரத்தில் கொஞ்சம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்க, பாத்ரூம் பல்பில் வேண்டாம். அப்பவும் கழுத்தோடு ஒட்டவில்லை என்றால் மாற்றலாம். ஸ்பான்ஜை ஒரு டிஷ்யூவில் சுற்றி அமுக்குங்க, ஈரம் சரியாகிடும்.

மாத்திரை டப்பா
சனிக்கிழமை முகத்தில் ஒன்றும் போடாமல் போங்க சிஸ், சன்ஸ்கிரீன்கூட வேண்டாம். செதிலை அப்படியே பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும். முகத்துக்குப் போடுகிற எல்லாவற்றின் பட்டியலையும் போனில் படம் எடுத்துக்கோங்க, கேட்பார்.