புதுப்பிப்பு: பாதி விலை இன்வெர்ட்டர் என்ன ஆனது?

போன மாதம் எழுதியிருந்தேன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மின்வெட்டுக்குப் பயந்து, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் '5 கிலோவாட்' இன்வெர்ட்டரைப் பாதி விலைக்கு வாங்கினேன், கெட்டிலும் அடுப்பும் சேர்ந்தால் அணைந்துவிடுகிறது என்று. அன்று பேட்டரியைத்தான் திட்டினேன். பாவம், அதன்மேல் குற்றமில்லை.

சனிக்கிழமை பார்த்தால், பக்கவாட்டு ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு பெயர், '5 கே.வி.ஏ., 4 கிலோவாட்'. கே.வி.ஏ. எண்ணில் எத்தனை பங்கு உண்மையான கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் திறன் காரணி 0.8 என்றால், 5 × 0.8 = 4, கணக்கு அதுதான். பெயர் மாற்றி விற்பது புதிதல்ல. தைவானின் வோல்ட்ரானிக் தயாரிக்கும் இன்வெர்ட்டர்களே பல பெயர்களில் கடைக்கு வருகின்றன. பெயரோடு கிலோவாட் அளவையும் மாற்றியதுதான் வயிற்றெரிச்சல்.

அதைவிடப் பெரிய சிக்கல், நகராட்சி மின்கம்பியோடு இணைக்க என்.ஆர்.எஸ். 097-2-1 என்ற தென்னாப்பிரிக்க மின்இணைப்புத் தரநிலையின் சான்றிதழ் வேண்டும். விற்பனையாளர் அனுப்பிய சான்றிதழில் மாடல் எண்ணே வேறு. மின்பணிக்கு வந்த அண்ணன் சான்றிதழையும் இன்வெர்ட்டரையும் ஒப்பிட்டுவிட்டு, "தம்பி, இதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று திருப்புளியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்தானாம். இரண்டு ஸ்டிக்கர்களின் படங்களோடு வங்கியில் முறையிட்டிருக்கிறேன். இன்வெர்ட்டர் வந்த பெட்டி இப்போது கராஜில், அம்மாவின் மாங்காய் ஊறுகாய் ஜாடிகளுக்கு மேடையாக இருக்கிறது.